தஞ்சை அரண்மனைக் கலைக்கூடம்: வந்தவர்கள் கேட்ட கேள்விகள்

எங்கள் வீடு தஞ்சாவூர் கீழவாசலில். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் காலையில் பெரிய கோயில், அப்புறம் அரண்மனைக் கலைக்கூடம் என்பது பல வருடமாக நடக்கிற ஏற்பாடு. கூட்டிக்கொண்டு போகிற ஆள் நான்தான். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. கேட்கிற இடம்கூட மாறுவதில்லை. போன கோடையில் என் சித்தப்பா பெண், "இதையெல்லாம் எழுதி வச்சிட்டா என்ன அண்ணே, ஒவ்வொரு தடவையும் தொண்டை வறளப் பேசுறீங்களே" என்றாள். எழுதிவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன. நான் சிற்பக்கலை படித்தவனில்லை. போய்ப் போய்ப் பார்த்ததிலும் கேட்டதிலும் படித்ததிலும் சேர்ந்ததுதான் இந்த விவரமெல்லாம்.

கலைக்கூடம்னா கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற மியூசியமா, அரண்மனைல இருக்கிறதா?

அரண்மனையில் இருப்பது. பழைய ஆட்சியர் அலுவலகக் கட்டடத்தையும் இப்போது அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். அதனால் ஆட்டோவில் ஏறி "மியூசியம்" என்று மட்டும் சொன்னால் அங்கே போய் இறங்க வாய்ப்புண்டு. "அரண்மனை" என்று சொல்லுங்கள். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து என்றால் நடந்தே வந்துவிடலாம்.

அரண்மனைக்குள் நுழைந்த பிறகும் குழப்பம் இருக்கிறது. கலைக்கூடம், சரஸ்வதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடம், மராட்டிய தர்பார், அரச குடும்பத்துப் பொருட்கள் உள்ள அருங்காட்சியகம் எல்லாம் ஒரே வளாகத்தில் இருந்தாலும் நிர்வாகம் ஒன்றல்ல. ஒன்றைப் பார்த்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று கிளம்பிப் போனவர்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. செப்புத் திருமேனிகள் இருப்பது கலைக்கூடத்தில்.

பெரிய கோயில் பார்த்தாச்சு. இதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

இருபது நிமிடத்திலும் முடிக்கலாம். ஒரு தடவை ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக உள்ளே போய், வரிசை கலையாமல் வெளியே வந்ததைப் பார்த்தேன். நான் கூட்டிப் போனால் இரண்டு மணி நேரம் பிடிக்கும், புலம்பாதீர்கள். கோயிலில் கால் வலிக்க நடந்துவிட்டு மத்தியானம் வருவதைவிட, கலைக்கூடத்தைக் காலையில் திறந்ததும் பார்த்துவிட்டு, கோயிலைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது. பெரிய கோயில் சாயங்கால வெயிலில்தான் அழகு.

இது ராஜராஜ சோழன் இருந்த அரண்மனைதானே?

இல்லை. சோழர் அரண்மனை தஞ்சாவூரில் எதுவும் மிஞ்சவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் மாளிகைமேட்டில் தோண்டிப் பார்த்து, அரண்மனையின் செங்கல் அடித்தளத்தைக் கண்டிருக்கிறார்கள். கண்ணால் பார்க்க அதுதான் இருக்கிறது.

இப்போது நாம் நிற்பது நாயக்கர்கள் 16ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. 1670களில் தஞ்சை மராட்டியர் கைக்குப் போனது. அவர்கள் 1855 வரை இங்கே இருந்து, சேர்த்தும் மாற்றியும் கட்டினார்கள். ஆக, உள்ளே இருக்கும் சிலைகளில் பேர்பெற்றவை சோழர் காலத்தவை. அவை நிற்கும் கூரை நாயக்கர், மராட்டியர் காலத்தது. இந்த ஐந்நூறு, அறுநூறு வருட இடைவெளி மனதில் பதிந்துவிட்டால் பாதிக் கேள்விகள் குறைந்துவிடும்.

அரண்மனைன்னு சொன்னீங்க, மைசூர் மாதிரி இல்லையே?

மைசூரில் எல்லோரும் பார்க்கும் அரண்மனை 1912இல் கட்டி முடித்தது. இது அதற்கு முந்நூறு வருடத்துக்கும் மேல் மூத்தது. மின்விளக்குக்கும் பளிங்குக்கும் பழகிய கண்ணோடு வந்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். எங்கள் மாமா முற்றத்தில் நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "என்னடா, இடிஞ்ச சத்திரம் மாதிரி இருக்கு" என்றார்.

அவரை நிமிர்ந்து மேலே பார்க்கச் சொன்னேன். இது முழுக்க செங்கல்லும் சுண்ணாம்பும். அந்த அகலத்துக்கு ஒரு மர உத்திரமும் இல்லாமல், செங்கல்லை வளைவாக அடுக்கியே கூரையை நிறுத்தியிருக்கிறார்கள். ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நிற்பதால் விழாமல் இருக்கிறது. வெளியே தெரியும் உயரமான கூடகோபுரம், கோயில் கோபுரத்தின் வடிவத்தை அரண்மனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே வளைவுகளும் குவிமாடமும் பீஜப்பூர், கோல்கொண்டா பக்கத்து வாடை அடிப்பவை. இரண்டும் சண்டை போடாமல் ஒரே முற்றத்தில் நிற்கின்றன. மாமா சத்திரம் என்றதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை, ஆனால் அரைமணி நேரம் தூண்களைத் தடவிக்கொண்டே சுற்றினார்.

பழசை அப்படியே விடாம வெள்ளை அடிச்சுப் புதுசு மாதிரி ஆக்கிட்டாங்களே?

இந்தக் கோபம் படித்தவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. கறுத்து, செங்கல் தெரிந்து, ஆலங்கன்று முளைத்திருந்தால்தான் 'பழமை' என்று நாம் பழகிவிட்டோம். கட்டிய காலத்தில் இந்தச் சுவர்கள் செங்கல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்காது. மேலே சுண்ணாம்புப் பூச்சு, அதற்கு மேல் மெருகு, சில இடங்களில் சுதை உருவங்களும் வண்ணமும். பூச்சு என்பது செங்கல்லுக்குத் தோல். அதை உரித்து வைத்தால் பார்க்க உருக்கமாக இருக்கும். மழை இரண்டு பருவத்தில் சுவரைக் கரைத்துவிடும்.

கேட்க வேண்டிய கேள்வி, எதைக் கொண்டு பூசினார்கள் என்பதுதான். பழைய முறையில் சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றி, புளிக்க வைத்து, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைப்பார்கள். அந்தப் பூச்சு மூச்சு விடும். டெல்டாவில் தரைக்குக் கீழே தண்ணீர் எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறது. ஈரம் சுவர் வழியாக மேலே ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புச் சுவர் அதை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் போட்டு அடைத்தால் ஈரம் உள்ளேயே நின்று, உப்பைக் கிளப்பி, பூச்சையும் செங்கல்லின் மேல்பரப்பையும் சேர்த்துப் பொரித்துத் தள்ளும்.

எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்ததில்லை. தாத்தா கட்டிய வீட்டுத் திண்ணைச் சுவரில் சிமெண்ட் பூசச் சொன்னது நான்தான். மூன்றாவது ஐப்பசியில் அப்பளம் மாதிரி உரிந்து விழுந்தது. அதனால் இப்போதெல்லாம் எந்தப் பழைய கட்டடத்துக்குப் போனாலும் சுவரின் அடிப்பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். அங்கே பொரிந்திருக்கிறதா, வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறதா என்று நீங்களும் பாருங்கள். மேலே எவ்வளவு வெள்ளை என்பதைவிட அதுதான் பழுதுபார்த்த வேலையின் தரத்தைச் சொல்லும்.

நடுவுல கை கூப்பிக்கிட்டு நிக்கிற வெள்ளைச் சிலை யாரு? வெள்ளைக்காரரா?

இரண்டாம் சரபோஜி மன்னர். 1798 முதல் 1832 வரை தஞ்சையின் அரசர். சரஸ்வதி மகால் நூலகம் இன்றைக்கு இவ்வளவு பேர் பெற்றிருப்பதற்கு அவர் சேர்த்த புத்தகங்களும் ஓலைச்சுவடிகளும் பெரிய காரணம். கல் வெள்ளைப் பளிங்கு. செதுக்கியவர் இங்கிலாந்துச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன். அதனால்தான் 'வெள்ளைக்காரர்' என்று தோன்றுகிறது, ஒருவகையில் தப்பில்லை. அதே சிற்பியின் இன்னொரு வேலை சிவகங்கைப் பூங்கா அருகிலுள்ள தேவாலயத்தில் இருக்கிறது: சரபோஜியின் குருவான ஸ்வார்ட்ஸ் பாதிரியார் மரணப் படுக்கையில் இருக்க, சரபோஜி பக்கத்தில் நிற்கிற காட்சி. நேரம் இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள்.

சாமியை எல்லாம் ஏன் இப்படி வெறும் உடம்போட நிறுத்தியிருக்காங்க?

இதைக் கேட்டது என் அத்தை. அம்பாள் முன்னால் ஒரு நொடி நின்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டார், "ஒரு பட்டுத் துண்டாவது சாத்தக் கூடாதா" என்றார். அறுபது வருடமாக வெள்ளி, செவ்வாய் தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். அந்த அறுபது வருடத்தில் எந்த உற்சவரையும் அவர் முழுசாகப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. பட்டு, மாலை, நகை, அதற்கு நடுவே ஒரு முகம். நாம் பார்ப்பது அவ்வளவுதான்.

ஆனால் ஸ்தபதி வெறும் முகத்தோடு நிறுத்தவில்லை. இடுப்புத் துணியின் மடிப்பு, அரைஞாணின் முடிச்சு, தொடையில் படியும் துகிலின் கோடு, தோளில் புரளும் முடிச்சுருள் எல்லாம், உலோகம் ஊற்றுவதற்கு முன்னால் செய்யும் மெழுகு உருவத்திலேயே வந்துவிட்டன. பட்டு மூடும், யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள். கோயிலில் இதைக் காண வேண்டுமானால் அபிஷேக நேரத்தில் போக வேண்டும்; அப்போதும் பாலும் சந்தனமும் வழிந்துகொண்டிருக்கும்.

ஒன்று செய்யுங்கள். வாய்ப்புக் கிடைக்கும் சிலைகளைப் பின்னால் போய்ப் பாருங்கள். தலைக்குப் பின்னால் வட்டமாகப் பூப்போல் இருப்பது சிரசக்கரம். அதற்குக் கீழே பிடரியில் சுருள் சுருளாகத் தொங்கும் முடி, முதுகில் இறங்கும் பூணூல். பீடத்தில் துளையோ வளையமோ இருக்கும். உலா வரும்போது கழியை நுழைத்துக் கட்டுவதற்கு. இது வீதிக்கு வந்த சாமி என்பதற்கு அந்தத் துளைதான் அடையாளம். அத்தைக்கு அதைக் காட்டிய பிறகுதான் அவர் அம்பாள் பக்கம் திரும்பினார்.

எழுதி வச்சிருக்கிற பேரெல்லாம் வாயிலயே நுழையலை. யாரு யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நாலு பேரைத் தெரிந்துகொண்டால் போதும். ஆடுகிறவர் நடராஜர், அது எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் மான் துள்ள, காலில் பாதக்குறடு போட்டுக்கொண்டு, இடுப்பில் பாம்பைத் தவிர வேறு உடையில்லாமல் வருகிறவர் பிட்சாடனர். தாருகாவனத்து முனிவர்களின் கர்வத்தை அடக்கப் பிச்சை எடுக்கப் போன கோலம். அம்பாள் கையைப் பிடித்தபடி நிற்பவர் கல்யாணசுந்தரர். காளையின் மேல் சாய்ந்து நிற்பவர் ரிஷபவாகனர்.

'கி.பி. 11ஆம் நூற்றாண்டு' என்று போட்டிருந்தால் 1001க்கும் 1100க்கும் நடுவில். ராஜராஜனின் கடைசி வருடங்களும் ராஜேந்திரன் காலம் முழுதும் அதற்குள் வரும்.

ரிஷபவாகனர்னு எழுதியிருக்கு. ரிஷபம் எங்கே?

கிடைக்கவில்லை. இவர் மண்ணுக்குள்ளிருந்து வந்தபோது காளை கூட வரவில்லை. அதனால் ஒரு கை எதன் மேலோ சாய்ந்த வாகில், காற்றில் நிற்கிறது. கால்கள் குறுக்காகப் போட்டிருக்கின்றன, மாடு மேய்க்கிற பையன் மதகுச் சுவரில் சாய்ந்து நிற்பானே, அந்த நிலை. நாலு கையில்லை, ஆயுதமில்லை, இரண்டே கை. சடைமுடியைத் தலைப்பாகை மாதிரி சுற்றி, அதற்குள் பாம்பையும் சேர்த்துச் செருகியிருக்கிறார்கள்.

காளை இல்லாததுதான் இந்தச் சிலையின் அழகு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. செய்த ஸ்தபதி காளையோடுதான் செய்தார்; அது இருந்திருந்தால் இன்னும் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஒன்று உண்மை. காளை இல்லாததால், அது எவ்வளவு உயரம், திமில் எங்கே வந்திருக்கும் என்பதை அந்தக் கையின் வளைவைப் பார்த்தே நம் கண் கணக்குப் போடுகிறது. சின்னப் பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். என் தங்கை மகன் அவர் கைக்குக் கீழே குனிந்து மாடாக நின்று காட்டினான்.

எதைப் பார்த்தாலும் திருவெண்காடு, திருவெண்காடுன்னே போட்டிருக்கே?

சீர்காழிப் பக்கம் உள்ள ஊர். புதன் தலம் என்று பலர் போவார்கள். அங்கே 1950களின் தொடக்கத்தில் மண்ணுக்குள்ளிருந்து ஒரு தொகுதியாகத் திருமேனிகள் கிடைத்தன. மேலே சொன்ன ரிஷபவாகனரும் அவருடைய தேவியும், கல்யாணசுந்தரர் குழுவும், பிட்சாடனரும் அந்த ஊர்தான். கல்யாணசுந்தரரில், தாரை வார்த்துக் கொடுக்கும் பெருமாளும் கூடவே லட்சுமியும் இருக்கிறார்கள். அம்பாள் தலையை எந்த அளவுக்குக் குனிந்திருக்கிறாள் என்று பாருங்கள். கல்யாண வீட்டுக்குப் போனவர்களுக்கு அதை விளக்க வேண்டாம். அதே ஊரில் கிடைத்த அர்த்தநாரீசுவரர் மட்டும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார்.

கலைக்கூடத்தில் ஒரே ஊரின் சிலைகளை இப்படிப் பக்கம் பக்கமாகப் பார்க்க முடிவதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். ஒரு வட்டாரத்து வார்ப்புக் கை எப்படி இருந்தது என்பது அதில் தெரிகிறது.

இவ்வளவு அழகான சாமியை ஏன் மண்ணுல புதைச்சாங்க?

காப்பாற்றுவதற்கு. 1311இல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் கபூர் படை வந்ததைத்தான் எல்லோரும் உடனே சொல்வார்கள். அதற்குப் பிறகும் இந்தப் பக்கம் படைகள் வராமல் இல்லை. 1781இல் ஹைதர் அலி படை தஞ்சைச் சீமையை அழித்த கதை இன்னும் ஊர்ப்பேச்சில் இருக்கிறது. எந்தக் குழி எந்தப் படைக்குப் பயந்து தோண்டியது என்று ஒவ்வொன்றுக்கும் சொல்ல முடியாது.

அவசரத்தில் எறிந்துவிட்டு ஓடியதில்லை இது. ஆபத்துக் காலத்தில் திருமேனிகளை மணல் பரப்பிப் புதைக்கும் முறையை ஆகம நூல்களே சொல்கின்றன. ஆபத்து நீங்கியதும் எடுத்துத் திரும்பப் பிரதிஷ்டை செய்ய வேண்டும். இடம் தெரிந்தவர்கள் ஒன்றிரண்டு பேர்தான் இருந்திருப்பார்கள். அவர்கள் போனதும் இடமும் மறந்து போனது.

மண்ணுல கிடைச்சா அந்த ஊர்க் கோயிலுக்குத்தானே கொடுக்கணும்? இங்கே எப்படி வந்துச்சு?

1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம் ஒன்று இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கண்டெடுத்தவர் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். அதனால் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது சாமி தட்டுப்பட்டால் முதலில் வருவது தாசில்தார். அதற்குப் பிறகு அது கோயிலுக்கும் போகலாம், அருங்காட்சியகத்துக்கும் போகலாம்.

இந்தக் கலைக்கூடம் 1951இல் தொடங்கியதே அப்படி ஒரு சிக்கலில்தான் என்று இங்கே சொல்வார்கள். கல்கத்தாவிலிருந்து வந்த ஒருவர், தஞ்சாவூர் கரந்தையில் கேட்பாரற்று இருந்த ஒரு பிரம்மா சிலையைக் கொண்டுபோக அனுமதி கேட்டார். ஊர்க்காரர்கள் கூடாது என்றார்கள். நம் ஊரிலேயே ஓர் இடம் வேண்டும் என்ற யோசனை அதிலிருந்து கிளம்பி, கலெக்டர் முயற்சியில் அரண்மனைக்குள் சிலைகள் வந்து சேர்ந்தன. பூம்புகாரில் 1973இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடம், இதற்கென்றே வரைந்து கட்டிய ஏழுநிலை மாடம். தஞ்சையில் கதை வேறு: கட்டடம் முதலில் இருந்தது, சிலைகள் பிறகு இடம் தேடி வந்தன. சில சிலைகள் நெருக்கமாகவும் சில மூலையிலும் நிற்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இங்கே கும்பிடலாமா? செருப்பைக் கழட்டணுமா?

கழட்ட வேண்டும் என்று இல்லை. கும்பிட வேண்டாம் என்று யாரும் தடுக்க மாட்டார்கள். குங்குமம் வைப்பது, சூடம் கொளுத்துவது, காலைத் தொடுவது மட்டும் கூடாது. காசு போடுவதும் வேண்டாம்.

'சாமியா, சிலையா' என்று விடாமல் கேட்பவர்களுக்கு: கோயிலில் திருப்பணி நடக்கும்போதே மூர்த்தத்தின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றி வைப்பார்கள், அதற்குக் கலாகர்ஷணம் என்று பேர். மறுபடி பிரதிஷ்டை செய்யும்வரை அந்தத் திருமேனிக்குப் பூசை கிடையாது. அந்தக் கணக்கில் இங்கே இருப்பவர்கள் பூசைக்குக் காத்திருப்பவர்கள். என் அம்மாவுக்கு இந்த விளக்கமெல்லாம் தேவைப்பட்டதில்லை. வாசலிலேயே செருப்பை விட்டுவிடுவார்.

சிலது பச்சையா இருக்கே, புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடாது?

ஆகும். அதோடு சிலையின் மேல்தோலும் போய்விடும். நம் வீட்டுக் குத்துவிளக்கு வருடாவருடம் புளியில் தேய்ந்து, அதில் இருந்த கோலமெல்லாம் மழுங்கிப் போனதை நினைத்துப் பாருங்கள். செம்பு கலந்த உலோகத்தின் மேல் காலப்போக்கில் படியும் கரும்பச்சைப் படலம் பெரும்பாலும் கெடுதல் செய்வதில்லை. உள்ளே இருக்கும் உலோகத்துக்குப் போர்வை மாதிரி. அதை உரிக்கக் கூடாது.

கவலைப்பட வேண்டியது வெளிர்பச்சையில் பவுடராக உதிர்கிற இடம் இருந்தால். உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை அரிக்கிறது என்று அர்த்தம். கடலோர மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்தவற்றுக்கு அந்த ஆபத்து கூடுதல். அதைச் சரிசெய்வது ரசாயனம் தெரிந்தவர்களின் வேலை.

கோயில்ல இருக்கிற ஐம்பொன் சாமிக்கு மூக்கு, கண்ணெல்லாம் தேஞ்சிருக்கு. இங்கே மட்டும் எப்படிப் புதுசா இருக்கு?

புளி பதிலிலேயே பாதி இருக்கிறது. தினமும் அபிஷேகம், துடைப்பு, தேய்ப்பு என்று ஆயிரம் வருடம் நடந்தால் மூக்கு மழுங்கத்தான் செய்யும். மண்ணில் கிடந்தவற்றுக்கு அந்தத் தேய்மானம் இல்லை. சில கோயில்களில் தேய்ந்த கண்ணைப் பின்னால் திரும்பச் செதுக்கியும் இருப்பார்கள்; அப்போது முகத்தின் பாவமே மாறிவிடும்.

ஐம்பொன்னுன்னா ஒவ்வொண்ணுலயும் எத்தனை பவுன் தங்கம் இருக்கும்?

ஆசைப்படுகிற அளவுக்கு இல்லை. சோழர் காலச் சிலைகளைச் சோதித்தவரை, பெரும்பங்கு செம்பு. கொஞ்சம் வெள்ளீயமும் காரீயமும். தங்கமும் வெள்ளியும் இருந்தால் பெயருக்குத்தான். சுவாமிமலையில் இன்றைக்கும், சிலை செய்யச் சொன்ன குடும்பத்தார் உருக்கிய உலோகத்தில் ஒரு பொட்டுத் தங்கம் போடுவது உண்டு.

சுவாமிமலைக்கு ஒரு நடை போய் வாருங்கள், இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் செய்கிறார்கள். தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்தே அளவு எடுக்கிறார்கள். மேலே பூசுவது காவிரி வண்டல். சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியேறும், அந்த இடத்தில் உலோகம் இறங்கும். ஆறியதும் மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். அதனால் ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான்.

தாராசுரத்துக் கல்சிலையை ஏன் இங்கே கொண்டாந்தாங்க? அங்கே கோயில் நல்லாத்தானே இருக்கு?

இப்போது நன்றாக இருக்கிறது. கொண்டுவந்த காலத்து நிலைமை வேறு. இருந்தாலும் இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுத் திருப்தியான பதில் இல்லை. செப்புத் திருமேனி நடமாடப் பிறந்தது. கல்சிலையோ கோயில் சுவரின் மாடத்துக்கு அளவெடுத்துச் செய்தது. அதை எடுத்தால் அங்கே வெறும் மாடம் மிஞ்சும்.

யானை உரித்த மூர்த்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள். இரண்டாம் ராஜராஜன் கட்டிய தாராசுரத்திலிருந்து வந்தது. உடம்பு ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம், உரித்த தோல் பின்னால் விரிய, துணியைப் பிழிகிற மாதிரி ஒரு முறுக்கு. இதே மூர்த்தி செப்பில், பூசையில் இருக்க வேண்டுமானால் மயிலாடுதுறைப் பக்கம் வழுவூருக்குப் போங்கள். இரண்டையும் பார்த்தவர்களிடம் எது உசத்தி என்று கேட்டு எங்கள் வீட்டில் ஒரு சாயங்காலமே போயிருக்கிறது.

கண்ணாடிக்குள்ள பார்த்தா என் மூஞ்சிதான் தெரியுது!

எந்த ஊர்க் கலைக்கூடத்திலும் கண்ணாடிக்கு எதிரே ஜன்னலோ முற்றமோ இருந்தால் இப்படித்தான். வெளிர் நிறச் சட்டை போட்டு வந்தால் இன்னும் மோசம். நேராக நிற்காமல் சற்றுச் சாய்வாக நில்லுங்கள், அல்லது கூட வந்தவரைப் பின்னால் நின்று வெளிச்சத்தை மறைக்கச் சொல்லுங்கள். கண்ணாடியே வேண்டாம் என்பவர்களுக்கு: கை வியர்வையிலும் உப்பு இருக்கிறது, பச்சைக் கேள்வியை மறுபடி படியுங்கள்.

பிள்ளைகளுக்குப் போரடிக்குமே?

அவர்களுக்குத் திமிங்கல எலும்புக்கூடு இருக்கிறது. 1955இல் தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கியது, அரண்மனைக்குள் வைத்திருக்கிறார்கள். சோழனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் திரும்பி வீட்டுக்குப் போனதும் பிள்ளைகள் முதலில் சொல்வது அதைத்தான், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

இதெல்லாம் ஒரிஜினல்தானா? ஒரிஜினலை மாத்திட்டு டூப்ளிகேட் வச்சிருக்க மாட்டாங்களா?

சிலைக் கடத்தல் செய்திகளுக்குப் பிறகு இதைக் கேட்காதவர் குறைவு. சந்தேகம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. கும்பகோணம் பக்கம் சிவபுரத்தில் 1951இல் நிலத்திலிருந்து கிடைத்த நடராஜரைக் கோயிலுக்கே கொடுத்தார்கள். பழுதுபார்க்க வெளியே போனவர் திரும்பி வந்தபோது வேறு ஆளாக வந்தார். உண்மையான சிலை கைமாறி அமெரிக்காவுக்குப் போய்விட்டது. 1986இல்தான் இந்தியாவுக்குத் திரும்பியது. பத்தூரில் 1976இல் தோண்டும்போது கிடைத்த நடராஜர் யாருக்கும் தெரியாமல் லண்டன் போய், நீதிமன்ற வழக்கில் ஜெயித்து 1991இல் வந்தார். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது 2014இல்.

இந்த மூன்றிலும் கவனியுங்கள். சிலை யார் கண்ணிலும் படாமல் இருந்த இடத்தில்தான் திருட்டு நடந்தது: பழுதுபார்க்கும் பட்டறை, யாருக்கும் சொல்லாத குழி, பூட்டிக் கிடந்த கோயில். தினமும் நூற்றுக்கணக்கானவர்கள் பார்க்கிற, பல வருடமாகப் படம் எடுத்துப் புத்தகத்தில் அச்சான சிலையை மாற்றி வைப்பது அவ்வளவு சுலபமில்லை. நான் நம்புவதற்குக் காரணம் அதுதான்.

அப்போ திருவெண்காட்டுச் சாமியை திருவெண்காட்டுக்கே திருப்பிக் கொடுத்துடலாமே?

இதில் எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. அம்மா சீர்காழிப் பக்கத்துப் பெண். "பொறந்த வீட்டுக்கு ஒரு நாள் கூடவா அனுப்ப மாட்டாங்க" என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இருக்கிறது: பாதுகாப்பில்லாத கோயில்களின் உற்சவர்களை வைத்திருக்கும் திருவாரூர் மையத்திலிருந்து, திருவிழாவுக்கு ஊருக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருகிற வழக்கம் ஏற்கனவே இருக்கிறது. அப்படியானால் இவர்களுக்கு மட்டும் ஏன் கூடாது?

நான் சிவபுரத்தை நினைத்துத் தயங்குகிறவன். அதோடு, கோயிலுக்குப் போனால் ரிஷபவாகனர் மறுபடி பட்டுக்குள் போய்விடுவார், அந்தச் சாய்ந்த கையை யாரும் பார்க்க முடியாது என்கிற சுயநலமும் இருக்கிறது. அத்தை இதில் அம்மா பக்கம்.

சரி, திருவெண்காடு போனா அங்கே பார்க்க என்ன மிச்சம் இருக்கு?

கோயிலே இருக்கிறது. சுவேதாரண்யேசுவரர், அகோரமூர்த்தி, சூரிய, சந்திர, அக்னி என்று மூன்று குளம். கூட்டமெல்லாம் புதன் சன்னதியில் இருக்கும். நீங்கள் கல்வெட்டுப் பக்கம் போங்கள். ரிஷபவாகனரைச் செய்து கொடுத்த செய்தி ராஜராஜன் காலத்துக் கல்வெட்டாக அங்கே இருக்கிறது, வருடம் 1011. தேவி அதற்கு அடுத்த வருடம். மயிலாடுதுறையிலிருந்தும் சீர்காழியிலிருந்தும் பஸ் உண்டு, பூம்புகார் பக்கத்தில்தான். காலையில் போவதானால் நடை சாத்துவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.